கேமரா பேச மறுத்த வெள்ளிக்கிழமை

கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி மேசைக்கு அடியில் கிடந்தேன். கம்ப்யூட்டரின் முதுகு என் மூக்குக்கு எதிரே. அதன் சின்ன விசிறி சூடான மூச்சை என் நெற்றியில் ஊதிக்கொண்டிருந்தது. துப்பட்டா ஒரு பக்கம், கேமராவின் கேபிள் ஒரு பக்கம், இரண்டும் கழுத்தில் சுற்றிக்கொண்டிருந்தன.

மேலேயிருந்து அன்வர் பாயின் குரல் வந்தது.

"ரோஸிம்மா, இன்னா சொல்லுது?"

"பேசமாட்டேங்குது பாய்."

"எது? கேமராவா, கம்ப்யூட்டரா?"

"ரெண்டும்தான். ஒண்ணோட ஒண்ணு பேசமாட்டேங்குது."

"கட்டிக் குடுத்த புதுசுல அப்டித்தாம்மா இருக்கும். கொஞ்ச நேரம் தனியா வுட்டுப் பாரு."

வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். அன்று வெள்ளிக்கிழமை. ஜன்னல் வழியாக வந்த வெயில் ஏற்கெனவே சுவரின் பாதியைத் தாண்டியிருந்தது. மாலை தேநீருக்கு முன் அந்தக் கேமரா பேசவில்லை என்றால், திங்கட்கிழமை காலை என் அக்கா வேலைக்கு வர வேண்டியதில்லை.

எதற்காக அந்த அவசரம்

ஆம்பூருக்குச் சற்று வெளியே, நெடுஞ்சாலைக்கும் பாலாற்றுக்கும் நடுவே இருந்தது எங்கள் கம்பெனி. ஒரு பக்கம் தோல் பதனிடுவார்கள். மறுபக்கம் அதை வெட்டித் தைத்து ஷூவின் மேல்பாகமாக ஏற்றுமதி செய்வார்கள். அந்த மேல்பாகத்தை நாங்கள் அப்பர் என்போம். நான் ஏற்றுமதிப் பிரிவில் காகிதங்கள் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். அன்வர் பாய் அந்தப் பிரிவின் மேனேஜர். என் அக்கா ஸ்டெல்லா, தையல் பிரிவில் இரண்டாவது லைன்.

முந்தைய சரக்கில் ஒரு புகார் வந்திருந்தது. நல்ல தோலை மேல்புறம் உள்ளே வரும்படி கட்டைவிரலால் மடித்தால் மெல்லிய நெருக்கமான கோடுகள் விழும், தூங்கி எழுந்த குழந்தையின் உள்ளங்கை மாதிரி. சரியில்லாத தோல் முரட்டுச் சுருக்கமாக எழும்பும். அதை லூஸ் என்போம். வெளிநாட்டு வியாபாரி, போன சரக்கு லூஸ் என்றார்.

புதுத் தோலில் அதைச் சரிசெய்துவிட்டோம். ஆனால் கடல் தாண்டி இருப்பவருக்கு எப்படிக் காட்டுவது? கூரியர் போய்ச் சேர நாட்கள் ஆகும். அன்று காலை அவரிடமிருந்து மின்னஞ்சல்: குளிர்காலப் பூட்ஸ் ஆர்டரை உங்களுக்குத் தருவதா, வேறு நாட்டுக்குத் தருவதா என்று இன்றைக்கே முடிவுசெய்கிறோம். எங்கள் மதியச் சாப்பாட்டுக்குள் புதுத் தோலை மடித்துப் படம் அனுப்புங்கள். அவர்களுடைய மதியம் என்றால் எங்களுடைய மாலை.

அந்த ஆர்டர் வந்தால் இரண்டாவது லைன் ஓடும். வராவிட்டால் மூடுவார்கள். சூப்பர்வைசர் இதை ரகசியமாக வைத்திருந்தார். ஆகவே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

கேமராவுக்கு ஒரு சட்டை

அந்த வியாபாரியின் ஆள் போன முறை வந்தபோது ஒரு டிஜிட்டல் கேமராவைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். சாம்பல் நிறம், பாதிச் செங்கல் கனம். ஃபிலிம் எங்கே போடுவது என்று ஆபீஸ் முழுக்கச் சேர்ந்து தேடினோம். கூடவே ஒரு சிடி, ஒரு கேபிள். கேபிளின் ஒரு முனை வாக்மேன் ஹெட்ஃபோன் மாதிரி மெல்லிய குச்சி. மறுமுனை, ஒன்பது துளைகளோடு பல்லிளிக்கும் அகலமான வாய்.

நாங்கள் அதற்கு முதலில் செய்தது என்ன தெரியுமா? உறை தைத்தோம். சாம்பிள் பிரிவில் அளவெடுத்து, மெல்லிய கன்றுத்தோலில், உள்ளே சிவப்பு வெல்வெட் வைத்து, பித்தளை பட்டனோடு. உண்மையைச் சொன்னால் கேமராவைவிட அந்த உறை அழகு.

எங்கள் ஊர்ப் பழக்கம் அது. ஒரு பொருள்மீது அன்பு வந்துவிட்டால் அதற்குத் தோல் தைத்துவிடுவோம். ஆபீஸ் போனுக்குத் தோல் சட்டை. கால்குலேட்டருக்கு, ஸ்டேப்ளருக்கு, அன்வர் பாயின் வாக்மேனுக்கு. கீபோர்டுக்குக்கூட ஒரு மூடி இருந்தது, ஓரத்தில் இரட்டைத் தையலோடு. வெளியூரில் வேலை பார்த்த நாட்களில் ஒரு மேசையில் அம்மணமாகக் கிடந்த போனைப் பார்த்து எனக்குப் பரிதாபமாக இருந்திருக்கிறது.

உறைக்குள் போன கேமரா சில மாதங்கள் உறங்கியது. அந்த வெள்ளிக்கிழமை காலைதான் எழுப்பினோம். முற்றத்து வெயிலில் அக்கா அப்பர்களை ஒவ்வொன்றாக மடித்துப் பிடித்தாள். அன்வர் பாய் மூச்சைப் பிடித்துக்கொண்டு அமுக்கினார். படங்கள் கேமராவுக்குள் போய்விட்டன. வெளியே எடுப்பதுதான் என் வேலை என்று எல்லோரும் பேசாமலே முடிவுசெய்துவிட்டார்கள். தட்டச்சு தெரிந்தவளுக்குக் கம்ப்யூட்டர் தெரியும், கம்ப்யூட்டர் தெரிந்தவளுக்கு எல்லாம் தெரியும் என்பது அந்தக் காலத்து நம்பிக்கை.

அசைந்துபோன முகம்

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போக அனுமதியுங்கள். படம் என்றாலே எனக்கு ஆகாது.

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது குடும்பத்தோடு வாணியம்பாடிக்குப் போய் ஒரு ஸ்டூடியோவில் படம் எடுத்துக்கொண்டோம். "அசையாத பாப்பா" என்றார் கேமராக்காரர். அசையாமல் இருப்பது எப்படி என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அப்பா தெளிவு. அம்மா தெளிவு. அக்காவின் இரட்டைச் சடையின் ரிப்பன் முடிச்சுகூடத் தெளிவு. நான் இருந்த இடத்தில் ஒரு சின்னப் புகை.

"ஒன்ன ஆவி மாதிரி எடுத்துட்டான்டி" என்று அக்கா வருடக்கணக்கில் சொல்லிச் சிரித்தாள்.

அந்தப் புகை பிறகு பல ஊர் சுற்றியது. ஆலங்காயத்தில் ஒரு பள்ளிக்கூடம், காட்பாடியில் ஒரு ஜெராக்ஸ் கடை, சென்னையில் மூன்று ஆபீஸ், இப்போது சத்துவாச்சாரியில் மாடி வீடு ஒன்றும் நீங்கள் படிக்கும் இந்தப் பத்தியும். கவிதையை வரி உடைத்து எழுதச் சொன்னால் எனக்கு வராது. வரியின் முடிவில் நிற்க வேண்டுமே.

சரி, மேசைக்கு அடியில் திரும்பிப் போகிறேன்.

துண்டு போட்ட சீட்

இன்றைக்குப் போனில் படம் எடுத்தால், எடுத்த கை இறங்குவதற்குள் அடுத்த நாட்டில் பார்த்துவிடுகிறார்கள். அன்று கேமராவும் கம்ப்யூட்டரும் அந்நியர்கள். இருவருக்கும் நடுவே ஒரு துபாஷி வேண்டும். அந்த மென்பொருளைத்தான் டிரைவர் என்றார்கள். சிடியைப் போட்டேன். அடுத்து, அடுத்து, அடுத்து, முடிந்தது. அவ்வளவு சுலபமாக முடிந்தபோதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

கேமரா எந்தத் துளையில் இருக்கிறது என்று அது கேட்டது. ஒன்றா, இரண்டா?

கம்ப்யூட்டரின் முதுகில் அந்த அகல வாய்க்குப் பொருந்தும் துளை ஒன்றுதான் தெரிந்தது. அதில் ஏற்கெனவே தடித்த கேபிள் ஒன்று உட்கார்ந்திருந்தது. பக்கத்து அறையில் தோல் அளக்கும் இயந்திரம். தோல் ஒருபுறம் நுழைந்து மறுபுறம் வருவதற்குள் அதன் பரப்பைச் சதுர அடியில் சொல்லும். சொன்ன அளவு அந்தக் கேபிள் வழியாக இந்தக் கம்ப்யூட்டருக்கு வரும். ஆபீஸுக்கு இருந்தது இந்த ஒரே கம்ப்யூட்டர்.

அந்தக் கேபிளை உருவினேன். கேமராவைச் செருகினேன். துளை ஒன்று என்றேன்.

'கேமரா பதில் தரவில்லை.'

அதற்குள் பக்கத்து அறையில் ஒரு கத்தல். "யாருப்பா அது? அளவு ஏறல!"

அன்வர் பாய் தலையில் கை வைத்தார். "அத்த நிறுத்தக் கூடாதும்மா. சாயங்காலம் கன்டெய்னர்ல ஏத்தணும். மறுபடி செருகு, செருகு."

செருகினேன். பிறகுதான் புரிந்தது. அளவு பதியும் மென்பொருள் காலையில் கம்ப்யூட்டர் விழிக்கும்போதே அந்தத் துளையைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. கேபிளை உருவினாலும் விடாது. பஸ்ஸில் துண்டு போட்டுப் பிடித்த சீட் மாதிரி. ஆள் இல்லை, ஆனால் காலியும் இல்லை.

பாங்கு ஒலித்தது. அன்வர் பாய் சட்டைப் பையிலிருந்து தொப்பியை எடுத்தார்.

"நான் ஜும்மாவுக்குப் போய்ட்டு வர்றேன். நீ மனசு வுடாத. அங்கயும் இதத்தான் கேக்கப் போறேன்."

இருக்கிறது, ஆனால் இல்லை

ஆபீஸ் காலியானது. சுண்ணாம்பும் ரசாயனமும் ஈரத்தோலும் கலந்த அந்த வாசம், வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பொத்தும் எங்கள் வாசம், ஜன்னலில் வந்து நின்றது. கூடவே அக்காவும் நின்றாள். சாப்பாட்டு மணி அடித்திருந்தது.

"இன்னா ஆச்சுடி?"

"ஒரே ஓட்டதான் இருக்குது. அதுல மெஷினு."

"ஒரே ஓட்டதானா? நல்லா பாத்தியா?"

"பாத்தேன்க்கா!"

"நீ நின்னு பாத்திருக்கமாட்ட. ஓடிக்கினே பாத்திருப்ப."

கோபம் வந்தது. அந்தக் கோபத்தில், கம்ப்யூட்டரின் உள்ளே இருக்கும் கருவிகளை எல்லாம் காட்டும் பக்கத்தைத் திறந்தேன். நிதானமாக, ஒவ்வொன்றாக இறங்கினேன். ஒன்றாம் துளை. கீழே, இரண்டாம் துளை. நலமாக இயங்குகிறது என்றும் எழுதியிருந்தது.

கம்ப்யூட்டர் தனக்கு இரண்டு துளை என்கிறது. முதுகில் ஒன்றுதான் தெரிகிறது. இருவரில் ஒருவர் பொய் சொல்கிறார்.

மறுபடி மேசைக்கு அடியில் போனேன். இந்த முறை கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினேன். இரும்பு. குளிர்ச்சி. ஸ்க்ரூ. இரும்பு. பிறகு, மெத்தென்று ஒன்று. என் விரல் அதை எனக்கு முன்னால் அறிந்துகொண்டது.

தோல்.

சாம்பல் வர்ணம் ஏற்றிய தோல் துண்டு. ஓரங்களைச் சீவி மெலிதாக்கி, கம்ப்யூட்டரின் உடம்போடு உடம்பாக ஒட்டியிருந்தார்கள். கண்ணுக்குத் தெரியவே தெரியாது. அத்தனை சுத்தமான வேலை.

மெயின்டனன்ஸ் துரைக்கண்ணு அண்ணனை அக்கா கையைப் பிடித்து இழுத்து வந்தாள். அவர் வாயில் இன்னும் சோறு இருந்தது.

"அதுவா? நான்தான் ஒட்னேன். கம்ப்யூட்டரு வந்த அன்னிக்கே" என்றார் பெருமையாக. "சும்மா ஒரு ஓட்ட வாயப் பொளந்துக்கினு இருந்துச்சி. தோலத் தேய்க்கிற பஃபிங் தூசி பூரா உள்ள போவுமேன்னு அடச்சி வுட்டேன். கலர் மேட்ச் பாத்தியா? மூணு தபா சாயம் கலந்தேன்."

"அண்ணே, அந்த ஓட்டையத்தான் காலைலேருந்து தேடிக்கினு இருக்கேன்!"

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல?"

அக்கா இடுப்பில் கை வைத்தாள். "ஏண்ணே, இங்க இன்னும் எதையெல்லாம் ஒட்டி வெச்சிருக்கீங்க? இப்பவே சொல்லிடுங்க."

அவர் உண்மையிலேயே யோசித்தார்.

தோலை உரித்தோம். அடியில் ஒன்பது ஊசிகள், ஒட்டப் பயன்படுத்திய சொல்யூஷன் நூல் நூலாக இழுத்துக்கொண்டு. அக்கா தன் தையல் ஊசி ஒன்றைக் கொடுத்தாள். துரைக்கண்ணு அண்ணன் டார்ச் பிடித்தார். ஊசிக்கும் ஊசிக்கும் நடுவே, ஒன்றைக்கூட வளைக்காமல், பிசினைச் சுருட்டிச் சுருட்டி எடுத்தேன். அசையாமல். வாழ்க்கையில் முதல்முறையாக நான் அசையாமல் இருந்தது ஒரு கம்ப்யூட்டரின் முதுகுக்குப் பின்னால்தான் என்று நினைக்கிறேன்.

வேகம் என்ற கெட்ட பழக்கம்

செருகினேன். துளை இரண்டு என்றேன். கேமராவின் சின்னச் சிவப்பு விளக்கு ஒருமுறை இமைத்தது.

மூன்று பேரும் கத்தினோம்.

படம் வர ஆரம்பித்தது, மேலிருந்து கீழாக, வரி வரியாக. முற்றத்துச் சுவரின் விளிம்பு. வேப்பமரத்தின் ஒரு கிளை. பிறகு நின்றது. 'தொடர்பு அறுந்தது.'

மறுபடி. சுவர், கிளை, அறுந்தது. மறுபடி. இந்த முறை சுவரோடு சரி.

"வேப்ப மரத்துக்கு ஆர்டர் குடுப்பானா?" என்றாள் அக்கா.

டிரைவரின் அமைப்புகளைத் திறந்தேன். பேசும் வேகம் என்று ஒரு கட்டம். தானாகத் தேர்வுசெய்க என்று இருந்தது. அது தானாகவே இருப்பதிலேயே பெரிய எண்ணைத் தேர்ந்து வைத்திருந்தது. என்னைப் போலவே. பக்கத்துத் துளையில் அளவு இயந்திரம் ஓயாமல் பேசுகிறது. சுவருக்கு அப்பால் பெரிய மோட்டார்கள் எழுந்து அடங்குகின்றன. இந்த இரைச்சலில் இவர்கள் இருவரும் மூச்சுவிடாமல் பேசினால் பாதி வார்த்தை கீழே விழாதா?

தானாக என்பதை நீக்கினேன். வேகத்தை ஒரு படி இறக்கினேன். கிளையைத் தாண்டி அக்காவின் வளையல்வரை வந்து நின்றது. இன்னொரு படி இறக்கினேன். அப்போது கேமரா செத்துப்போனது.

பேட்டரி. மெதுவாகப் பேசினால் நேரம் ஜாஸ்தி ஆகும், நேரம் ஜாஸ்தி ஆனால் பேட்டரி குடிக்கும். அது நான்கு கேட்டது. கடைகள் ஜும்மாவுக்குச் சாத்தியிருந்தன.

அன்வர் பாயின் வாக்மேனைத் தோல் சட்டையைக் கழற்றித் திறந்தேன். இரண்டு. ஆபீஸ் கடிகாரத்தில் ஒன்று. இன்னொன்றுக்கு அக்கா ஓடினாள். தையல் பிரிவில் ஸ்டூல்மேல் ஏறிச் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டு வந்தாள்.

"சூப்பர்வைசர் ஒண்ணும் சொல்லலியா?"

"கேட்டாரு. டைம் நின்னா டார்கெட்டும் நிக்கும் சார்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

கடிகாரங்கள் நின்றன. கேமரா விழித்தது.

சுவர் வந்தது. கிளை வந்தது. வளையல் வந்தது. எறும்பு வேகம். நகம் வந்தது, அதன் ஓரத்தில் பழைய மருதாணிச் சிவப்பு. கட்டைவிரல் வந்தது. அந்தக் கட்டைவிரலுக்குக் கீழே மடிந்த தோல் வந்தது. அதன்மேல் கோடுகள். மெல்லியவை, நெருக்கமானவை, ஒன்றுகூடத் தளராதவை.

யாரும் கத்தவில்லை. கத்தினால் அறுந்துவிடுமோ என்று பயந்தோம்.

வாசலில் அன்வர் பாய் நின்றிருந்தார், தொப்பியைக் கழற்றாமல். எப்போது வந்தார் என்று தெரியாது. திரையைப் பார்த்தார். பிறகு திறந்து கிடந்த தன் வாக்மேனைப் பார்த்தார். பிறகு மறுபடி திரையை.

"மாஷா அல்லாஹ்" என்றார். "எல்லாத்தயும் எடு. ஒண்ணு வுடாத."

எல்லாவற்றையும் எடுத்தோம். பிறகு இணையத்துக்குப் போன் கோட்டைத் திருப்பினோம். அது கீச்சிட்டுக் கரகரத்து இணைப்பைப் பிடித்தது. "எவனும் ரிசீவரத் தொடாதீங்க, தொட்டா பேஜாரு!" என்று அன்வர் பாய் தாழ்வாரம் முழுக்கக் கத்திக்கொண்டு போனார். படங்கள் ஒவ்வொன்றாகக் கடல் தாண்டின.

மெயின் ஸ்விட்ச்

பதில் வரும்வரை நான் உட்காரவில்லை. ஜன்னலுக்கும் கதவுக்கும் நடுவே எத்தனை நடை நடந்தேன் என்று கணக்கில்லை. அக்கா லைனுக்குத் திரும்பியிருந்தாள். "வந்தா வந்து சொல்லு. வராட்டியும் வந்து சொல்லு" என்றுவிட்டுப் போனாள். அந்த இரண்டாவது வாக்கியத்தைச் சொன்னபோது என் முகத்தைப் பார்க்கவில்லை.

மின்னஞ்சல் வந்தது. இரண்டே வரி. படங்கள் தெளிவாக உள்ளன, தோல் நன்றாக உள்ளது. ஆர்டர் உங்களுக்கு, விவரங்கள் திங்களன்று.

அன்வர் பாய் அச்செடுக்கச் சொன்னார். நான் அதற்குள் தாழ்வாரத்தின் பாதியில் இருந்தேன்.

தையல் பிரிவில் மெஷின்கள் ஓடும்போது சொந்தக் குரல் சொந்தக் காதுக்குக் கேட்காது. வாசலில் நின்று கத்தினேன். யாரும் திரும்பவில்லை. கையை ஆட்டினேன். இரண்டாவது லைனில் குனிந்த தலைகள் குனிந்தே இருந்தன. அந்தத் தலைகள் வேண்டுமென்றே நிமிரவில்லை என்பது எனக்குத் திடீரென்று புரிந்தது. அவர்கள் என்னைப் பார்த்துவிட்டார்கள். நான் என்ன சொல்லப்போகிறேனோ, அதை ஒரு தையல் தூரம் தள்ளிவைத்துக்கொண்டிருந்தார்கள்.

பின்னால் மூச்சிரைக்க வந்த துரைக்கண்ணு அண்ணன் மெயின் ஸ்விட்சை இறக்கினார்.

அத்தனை மெஷின்களும் ஒரே பெருமூச்சாக அடங்கின. அந்த அறையில் அப்படி ஓர் அமைதியை நான் அதற்குமுன் கேட்டதில்லை. நூறு கண்கள் என்மேல்.

"ஆர்டர் நமக்குத்தான்" என்றேன். "ரெண்டாவது லைன் ஓடும்."

கைதட்டல் இல்லை. யாரோ ஒரு பெண் கையிலிருந்த அப்பரை முகத்தில் அழுத்திக்கொண்டாள். யாரோ ஒருத்தி பக்கத்தில் இருந்தவளின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். அக்கா மட்டும் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது. ஆனால் வாய்?

"அத்தச் சொல்லவா மெயின ஆஃப் பண்ணீங்க? போடுங்கண்ணே! டார்கெட்டு யாரு முடிக்கிறது?"

துரைக்கண்ணு அண்ணன் ஸ்விட்சை ஏற்றினார்.

மெஷின்கள் வழக்கமாக ஒவ்வொன்றாகத்தான் தொடங்கும், ஒருத்தி நூல் கோப்பாள், ஒருத்தி தண்ணீர் குடித்துவிட்டு வருவாள். அன்று அத்தனை கால்களும் ஒரே நொடியில் பெடலை மிதித்தன. தரை அதிர்ந்து, என் உள்ளங்கால் வழியாக ஏறி, பல்வரை வந்தது அந்தச் சத்தம்.